மடியிலுள்ள கனம் யாருடையது?

"மடியிலே கனமிருந்தால்தான் வழியிலே பயம்" என்பது நம்மவரிடையே நெடுநாளாய் வழங்கிவரும் பழமொழி. இப்பழமொழிக்குத் தோட்டத்திலும் பட்டணத்திலும் இந்நாளில் ஒரு புது வேலை கிடைத்திருக்கிறது. "உமது கைத்தொலைபேசியிலுள்ள அந்தச் செயலி, நீர் எங்கெங்கே போகிறீர், யார் யாருடைய எண்களை வைத்திருக்கிறீர் என்பதையெல்லாம் எவருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது, சற்று எச்சரிக்கையாயிரும்" என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்துக்கொண்டே, "நான் என்ன கொலை செய்தேனா, கொள்ளையடித்தேனா? என் மடியில் கனமில்லை, ஆதலால் வழியிற் பயமுமில்லை" என்று விடை பகர்வார். இது நேர்மையான மனிதனின் விடையைப்போல ஒலிக்கிறது. ஆகவே இதை மறுத்துப் பேசுகிறவன், தானே ஏதோ குற்றத்தை ஒளிக்கிறவன்போல ஆகிவிடுகிறான்.

சில வருஷங்களுக்கு முன்வரை நானும் இவ்விடையைச் சொல்லி வந்தவனே. அது பிழையென்று எனக்குக் கற்பித்தது புத்தகமன்று; நானே செய்த ஒரு தவறு. அதனை முதலில் ஒளியாமற் சொல்லிவிடுவதே முறை.

நான் செபராங் பிறைப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். தொழிலாளரின் பெயர்ப்பதிவு, வேலை நாள், சம்பளம், சேமநிதிப் பிடித்தம், கடன் பிடித்தம் யாவும் என் மேசைக்கே வந்து சேரும். ஒரு மாதக் கடைசியில், மிச்ச வேலையை வீட்டிலிருந்து முடிக்கலாமென்று எண்ணிச் சம்பளப் பட்டியலின் ஒரு பக்கத்தைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்தேன். அதை ஆபீசிலுள்ள ஒருவருக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, எங்கள் தோட்டத்துத் திருவிழாக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அக்குழுவில் நூறு பேருக்கு மேல் இருந்தனர். பத்து நிமிஷத்திற்குள் பிழையை உணர்ந்து படத்தை அழித்தேன். ஆனால் அழிக்கப்பட்டது என் அனுப்புதலேயன்றி, அதற்குள் பிறர் தங்கள் தொலைபேசியிற் சேமித்துக்கொண்ட படமன்று. மாலைக்குள் அது லயம் முழுவதும் சுற்றிவிட்டது.

அப்பட்டியலில் ஒரு பெரியவரின் பெயருக்கு நேரே, மாதந்தோறும் ஒரு பெருந்தொகை கடனுக்குப் பிடிக்கப்படுவது தெரிந்தது. குடியோ சூதோ என்று வாய்கள் பேசின. உண்மை வேறு. காலமாகிப்போன தம்பியின் கடனுக்குப் பிணை நின்றவர் அவர். அக்கடனைத் தாமே அடைத்துவருவது தம்பியின் மனைவிக்குத் தெரியலாகாதென்று இரண்டு வருஷமாகக் காத்து வந்தார். செய்தி அந்த அம்மாளின் காதுக்கு எட்டியது. அவர் மகன், "பெரியப்பா பட்டினி கிடந்து நான் படிக்கவேண்டியதில்லை" என்று தொழிற்படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் வேலைக்குப் போய்விட்டான்.

பெரியவர் ஆபீசுக்கு வந்தார். என்மேற் சீறவில்லை. "கிராணி ஐயா, அதை நான் ஒளித்து வைக்கவில்லை, காத்து வைத்திருந்தேன்" என்று மட்டுஞ் சொல்லிவிட்டுப் போனார். (அவருடைய சம்மதம் பெற்று, அடையாளங் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியே இதை எழுதுகிறேன். ஒரு முறை அவரை அம்பலப்படுத்தியது போதும்.)

ஒளித்து வைப்பதற்கும் காத்து வைப்பதற்கும் உள்ள வேற்றுமையே இக்கட்டுரையின் விஷயம். குற்றத்தை மறைப்பவன் ஒளிக்கிறான். பிறர் மானத்தை, பிறர் தந்த நம்பிக்கையை, இன்னும் சொல்லும் வேளை வராத செய்தியை மறைப்பவன் காக்கிறான். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் மூடிய பெட்டியாகவே தோன்றும். பெட்டி மூடியிருப்பதைக் கண்டதும் உள்ளே இருப்பது திருட்டுச் சொத்தே என்று தீர்மானிப்பது பகுத்தறிவாகுமா?

ஆங்கிலப் பள்ளியிற் படித்த எனக்கு 'பிரைவசி' என்னும் சொல் சிறுவயதிலேயே பழக்கம். அதற்கு நேரான சொல்லைத் தமிழில் தேடியபோது 'அந்தரங்கம்' என்பது கிடைத்தது. அச்சொல்லைச் சற்றே இழிவாக எண்ணுவோர் பலர். ஆனால் 'அந்தரங்க சுத்தி' என்று நாம் சொல்லும்போது, அதே சொல் உள்ளத்தின் தூய்மையைக் குறிக்கிறதன்றோ! அந்தரங்கம் என்பது அழுக்கைப் பூட்டிவைக்கும் அறை மட்டுமன்று. மனிதன் தன் நேர்மையை வைத்திருக்கும் இடமும் அதுவே.

இனி, பழமொழியையே மறுபடி நோக்குவோம். முன்னாளில் மடியிற் கனத்தோடு காட்டுவழியில் நடந்தவன் யார்? கள்வனல்லன். சந்தையில் நெல் விற்றுக் காசை முடிந்துகொண்டு வீடு திரும்பிய உழவனும், பிறர் கொடுத்தனுப்பிய பணத்தைச் சுமந்துவந்த வணிகனுமே வழிப்பறிக்கு அஞ்சினார்கள். ஆகவே பழமொழி சொல்லும் கனம் பாவமன்று, பொருள். என் கைத்தொலைபேசியில் அன்றிருந்த கனமோ என்னுடையதுமன்று, தோட்டத்துத் தொழிலாளருடையது. "எனக்கு ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்ல எனக்கு உரிமையுண்டு. "பிறருடையதைக் காக்கவேண்டியதில்லை" என்று சொல்ல எனக்கு ஏது உரிமை?

நிற்க. லயத்தில் இரகசியம் என்றைக்கு இருந்தது என்று கேட்போர் உண்டு. ஒரு வீட்டில் இருமினால் மறுவீட்டில் தண்ணீர் எடுத்துத் தரும் அளவுக்கு மெல்லிய சுவர்களிடையே நம் முன்னோர் வாழ்ந்தனர். "பகலிற் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே" என்ற எச்சரிக்கை அப்படிப்பட்ட வாழ்வுக்கு நன்கு பொருந்துவதாகும். ஆனால் அக்காலத்து வம்பு, வாயோடு பிறந்து வாயோடு தேய்ந்தது. பத்து மைல் தள்ளி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் புதுவாழ்வு தொடங்கலாம். எழுத்தில் ஏறிய செய்தி அப்படித் தேய்வதில்லை. மனிதனுக்கு முன்னே அது போய் நிற்கும்.

இதற்கு நம்மினத்தார் சரித்திரத்திலேயே சாட்சியுண்டு. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போகவேண்டுமானால், அவன் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. புதுத் தோட்டம் அக்கடனைக் கட்டும். கட்டிய கடன் தொழிலாளியின் தலையில் மீண்டும் ஏறும். அவன் எங்குச் சென்றாலும் முதலில் வாசிக்கப்பட்டது அவன் கைத்திறனன்று, அவன் கடனே. 1921-ஆம் வருஷம் சட்டத்தினால் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய விவரமே ஒரு சமூகத்தைக் கட்டிப்போட முடிந்ததென்றால், காகிதமே வேண்டாத இக்காலத்து விவரம் என்னதான் செய்யாது?

இன்றைய துண்டு நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நம் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களைப் பாருங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம். அவற்றுள் 07 என்பது பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வாசிக்கத் தெரிந்தவனுக்கு அவ்வெண் ஒரு சிறு ஜாதகம். அதனோடு பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவையும் சேர்ந்துவிட்டால், நம்மைப்போல நடிக்கவும், நம்மை அச்சுறுத்தவும் அயலானுக்குப் போதிய முதல் கிடைத்துவிடும்.

இது வெறுங் கற்பனையன்று. 2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், இந்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர் விவரங்கள், நான்கு கோடியே அறுபது லட்சத்திற்கும் மேற்பட்ட எண்களோடு வெளியே கசிந்தது தெரியவந்தது. அப்போது நாட்டின் ஜனத்தொகையே ஏறக்குறைய மூன்று கோடியே இருபது லட்சந்தான்! 'மக்காவ் மோசடி' என்று இங்கே பெயர்பெற்ற தந்திரம் எப்படி நடக்கிறதென்று யோசித்துப் பாருங்கள். "போலீஸ் நிலையத்திலிருந்து பேசுகிறோம்" என்று ஒரு குரல் அழைக்கிறது. அது நம் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பிழையின்றிச் சொல்கிறது. அந்தப் பிழையின்மையே கேட்பவரின் சந்தேகத்தைக் கொன்றுவிடுகிறது. மடியில் கனமில்லாத நேர்மையாளரே இவ்வலையில் எளிதாக விழுகிறார். ஏனெனில் போலீஸ் என்றால் உண்மை சொல்லவேண்டுமென்று நம்புகிறவர் அவரே.

இதனினுங் கொடியது கடன் செயலி. அவசரப் பணத்துக்காக ஒருவன் அதைத் தன் தொலைபேசியில் ஏற்றுகிறான். "உன் எண்கள் பட்டியலைப் பார்க்கலாமா?" என்று அது கேட்கிறது, அவன் "ஆம்" என்று தொடுகிறான். தவணை தவறியதும், மாமனார், மகளின் ஆசிரியர், முதலாளி என்று பட்டியலிலுள்ள அனைவருக்கும் அவனை இகழ்ந்து அழைப்புப் போகிறது. இந்தியாவில் இவ்வழக்கம் முற்றிப்போனதால், 2022-இல் ரிசர்வ் வங்கி, கடன் தரும் செயலிகள் எண் பட்டியலையும் படங்களையும் தொடலாகாதென்று விதித்தது. 2023-இல் கூகுள் நிறுவனமும் தன் செயலிக் கடையிலுள்ள கடன் செயலிகளுக்கு அத்தகைய தடையை இட்டது. ஆயினும் கடைக்குப் புறம்பே, ஒரு குறுஞ்செய்தியின் வழியாக வரும் செயலியை எந்த விதி தடுக்கும்? இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. கடன் வாங்கியவன் ஒருவன். அவன் "ஆம்" என்று தொட்டபோது விற்கப்பட்டதோ முந்நூறு பேரின் எண்கள். அம்முந்நூறு பேரில் ஒருவரையாவது அவன் கேட்டானா?

வர்த்தகர்களுக்கும் இதில் பாடமுண்டு. பினாங்கு வீதியில் முன்னாளில் விளங்கிய நகரத்தார் கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். நீண்ட கூடம் ஒன்று; அதில் வரிசையாகப் பெட்டகங்களும் சாய்மேசைகளும்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு தனித்தனிக் கடை. நடுவே சுவரில்லை. அடுத்தவர் பேரேட்டை எட்டிப் பார்க்கிறவன் அக்கூடத்தில் ஒரு மாதமாவது தொழில் நடத்தியிருக்க முடியுமா? அங்கே கணக்குகளைக் காத்தது பூட்டைக்காட்டிலும் பழக்கமேயாகும், பாராதிருக்கும் ஒழுக்கமேயாகும்.

இன்று கடைகளுக்கிடையே கற்சுவர் இருக்கிறது. ஆனால் கணக்கு வெட்டவெளியில் கிடக்கிறது. யார் எவ்வளவு பற்று வைத்திருக்கிறார், சரக்கு எங்கிருந்து என்ன விலைக்கு வருகிறது என்பவையெல்லாம் கடைப்பையனின் சொந்தத் தொலைபேசியில் உலவுகின்றன. அவன் வேலையை விட்டு எதிர்க்கடைக்குப் போனபின்பும், குழுவிலிருந்து அவன் பெயரை நீக்க ஒருவருக்கும் நினைவில்லை. பணப்பெட்டிக்கு மேலே கேமரா தொங்குகிறது. அதன் கடவுச்சொல் தொழிற்சாலையில் இட்டபடியே இருக்கிறது. 2016-இல் 'மிராய்' என்னும் கெடுநிரல், இப்படிக் கடவுச்சொல் மாற்றாத கேமராக்களையும் வீட்டு இணையக் கருவிகளையும் உலகெங்கும் லட்சக்கணக்கிற் கைப்பற்றியது. திருடனைப் பார்க்க வைத்த கண், திருடனுக்கே கண்ணாகலாம்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். இந்நாட்டில் 2010-ஆம் வருஷத்துத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு காரியத்திற்கென்று வாங்கிய விவரத்தை வேறு காரியத்திற்குச் செலுத்தலாகாது. தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது. பத்திரமாய்க் காக்கவேண்டும் என்பன அதன் உயிர்நாடி. 2024-இல் அது திருத்தப்பட்டது. அதன்படி, 2025 ஜூன் முதல், விவரம் கசிந்தால் நிறுவனம் அதை ஆணையரிடம் அறிவித்தாகவேண்டும்; அதற்கு எழுபத்திரண்டு மணி நேரம் தவணை. விதிகளை மீறுவோர்க்குரிய உச்ச அபராதமும் மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆயினும் இச்சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. 2019 ஜனவரியில் இப்பினாங்கிலேயே தெருக் கேமராக்களோடு முகமறியும் கருவி இணைக்கப்பட்டது என்பதை நினைத்தால், அவ்விடைவெளி சிறிதன்று என்பது விளங்கும். கள்வனைப் பிடிப்பதும், காணாமற்போன குழந்தையைத் தேடுவதும் வேண்டியனவே. அதை நான் மறுக்கவில்லை. எதற்காகப் பார்க்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், தவறினால் யார் பொறுப்பு என்று குடிமகன் கேட்கலாம். அவனுக்கு விடையுங் கிடைக்கவேண்டும். அவ்வளவே.

நீதிமன்றங்கள் வாளாவிருக்கவில்லை. வழக்கறிஞர் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், 2010-இல் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் ஐந்தாம் விதி சொல்லும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்குமென்று கூறியது. நம் பினாங்கு உயர்நீதிமன்றமோ, 2011-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுதியிற் பதிவான வழக்கொன்றில், மயக்கத்திலிருந்த பெண் நோயாளியை அவர் சம்மதமின்றி மருத்துவர் படமெடுத்தது வழக்குக்குரிய அந்தரங்க மீறலே எனத் தீர்த்தது. சிகிச்சைக்கென்று உடலை ஒப்படைத்தவர் படத்துக்கென்று ஒப்படைக்கவில்லை என்பதே அதன் நியாயம். இந்தியாவில் 2017 ஆகஸ்டு 24-இல், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்றனர். ஆனால் சட்டம் எப்பொழுதும் களவுக்குப் பின்னே வருவது. என் சம்பளப் பட்டியல் சுற்றிய மாலையில் எந்த நீதிபதியும் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் நின்றிருக்க மாட்டார்.

வீட்டுக்குள்ளும் இந்நியாயம் செல்லவேண்டும். மனைவியின் தொலைபேசியைத் திறந்து பார்ப்பதும், தங்கையின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதும் ஆண்மக்களின் பிறப்புரிமையென்று இன்றும் நினைப்போர் நம்மிற் பலர். "அவளுக்கு மடியில் கனமில்லையென்றால் காட்டட்டுமே" என்கிறார்கள். அதே நியாயப்படி இவர்கள் தம் தொலைபேசியை மனைவியிடம் நீட்டுவார்களா? பெண்ணுக்குத் தோழியின் துயரத்தைக் கேட்டுக் காத்துவைக்கும் உரிமையும் கடமையும் உண்டு. அதைப் பறித்துவிட்டு, அரசும் கம்பெனியும் நம்மை வேவு பார்க்கின்றன என்று மேடையேறி முழங்குவதில் நாணயமில்லை.

இனி நாம் செய்யத்தக்கவை சில. செயலி எதைக் கேட்டாலும் "ஆம்" என்று தொடாமல், இவ்வேலைக்கு இது எதற்கு என்று வினவுக. கைவிளக்குச் செயலிக்கு நம் உறவினர் எண்கள் எதற்கு? அடையாள அட்டைப் படியைக் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே கோடிட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று எழுதித் தேதியிடுக. வங்கி அனுப்பும் டேக் எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லற்க. வாட்ஸ்அப்புக்கு இரண்டாம் பூட்டாகிய ஆறு இலக்க எண்ணை இட்டுக்கொள்க. கேமராவின் கடவுச்சொல்லை மாற்றுக. பழைய தொலைபேசியை விற்குமுன் முற்றும் துடைத்தழிக்க. மோசடியில் விழுந்துவிட்டால் வெட்கத்தால் வாய்மூடாது, உடனே 997 என்னும் எண்ணுக்கு அழைக்க. எல்லாவற்றினும் மேலாக, பிறருடைய படம், பிறருடைய கடன், பிறருடைய நோய், பிறர் பிள்ளையின் பரீட்சை முடிவு ஆகியவற்றை அனுப்புமுன், "இது என்னுடையதா?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்க. அக்கேள்வி ஒரு நிமிஷம் பிடிக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நான் அன்று செலவிட்டிருந்தால், ஒரு பிள்ளையின் படிப்பு நின்றிராது.

நான் அக்குழுவிலேயே என் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். நிர்வாகத்திடமும் சொல்லிக் கண்டனம் பெற்றேன். இப்பொழுது சம்பளப் பட்டியல் ஆபீசை விட்டு வெளியே போவதில்லை. என் சொந்தத் தொலைபேசியில் அதன் ஒரு வரியுமில்லை. பையனைப் படிப்புக்குத் திரும்பும்படி மூன்று முறை கேட்டுவிட்டேன். கடன் தீரட்டும் என்கிறான். பெரியவர் சம்பள நாளில் இப்பொழுதும் கடைசி ஆளாகவே வருகிறார். கையெழுத்திடுமுன், பட்டியலில் தமக்கு மேலும் கீழுமுள்ள பெயர்கள் தம் கண்ணிற் படாதபடி இரண்டு உள்ளங்கைகளாலும் மூடிக்கொள்கிறார். அவருக்கு இதை ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆங்கிலப் பள்ளியிற் படித்த நான் அவரிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.